கார் அளவு மழை

மேகாட்டுச் சாளைக்குள் பெய்துகொண்டிருந்த மழையை முதலில் பார்த்தது எங்கள் ஊர்க்காரர் யாருமில்லை, கோயமுத்தூரிலிருந்து பழைய கார் தேடி வந்த ரங்கபிரசாத் என்பதில் எங்களுக்கு இன்றுவரை ஒரு மனக்குறை உண்டு. கருக்கம்பாளையத்தில் பிறந்து, கருக்கம்பாளையத்துப் புழுதியைத் தின்று, எப்போதாவது வருகிற தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியே வளர்ந்த நாங்கள் அத்தனை பேர் இருக்க, ஒரு மழை போயும் போயும் அசலூர்க்காரன் கண்ணிலா முதலில் பட வேண்டும்?

ரங்கபிரசாத்தின் தாத்தா காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பம்புசெட் கம்பெனி இருந்தது, அப்பா காலத்தில் அந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை இருந்தது, இவன் காலத்துக்கு மிஞ்சியது பழைய எஞ்சின்கள் மேல் உள்ள கிறுக்கு மட்டும்தான். அந்தக் கிறுக்கோடு அவன் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் தாராபுரத்துக்கும் இடையில் இருக்கிற சாளை ஒன்று விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தான். சாளை என்றால் தோட்டத்து ஓட்டுக்கொட்டகை. மாடு, தீவனம், கலப்பை, கால் உடைந்த கட்டில், வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட மாமனார் எல்லாம் போய்ச் சேருகிற இடம். அங்கேதான் அவனுக்குப் புதையல் கிடைத்தது. ஒரு சாளையில் கடலைக்கொடிப் போருக்கு அடியில் ஆஸ்டின் கார் ஒன்று கிடக்க அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, இன்னொன்றில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஆளுயரச் சக்கரத்தோடு ஒரு ஆயில் எஞ்சின் மஞ்சள் பூசி மாலை போட்டு முனியப்பசாமியாகவே ஆகிவிட்டிருந்தது, வேறொன்றில் ஜீப்பின் பானட்டைத் திறந்தால் உள்ளே புளிப்பானையும் உப்புச்சட்டியும் வரிசையாக இருந்தன. அவன் எதற்கும் சிரிக்கமாட்டான். தூசியைக் கையால் துடைத்துவிட்டு இரும்பின் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பான், அப்புறம்தான் விலை பேசுவான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று ஆரம்பத்தில் அவனைப் பாடாய்ப் படுத்தியது. மாட்டை விற்றால் மாட்டைத்தான் கொடுப்போம், கட்டியிருந்த கயிற்றைக் கொடுக்கமாட்டோம். கயிறும் போனால் தொழுவத்து லட்சுமியும் மாட்டின் பின்னாலேயே போய்விடுவாள், அதனால் வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். எஞ்சினுக்கும் எங்களுக்கு அதே நியாயம்தான். எஞ்சினை லாரியில் ஏற்றிக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, அதைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியை மட்டும் உருவி விட்டத்தில் சொருகி வைத்துக்கொள்வோம். அவன் கெஞ்சிப் பார்த்தான், சட்டம் பேசிப் பார்த்தான், கடைசியில் தானே பட்டறையில் விதவிதமாகக் கைப்பிடி அடித்துக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். அதற்குப் பிறகுதான் அவனை எங்களுக்குப் பிடித்தது.

எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து அவன் ஒருநாள் கேட்டான், இந்த ஊரில் ராக்கியண்ணன் என்று ஒருத்தர் கறுப்பு மோரிஸ் கார் வைத்திருந்தாராமே, அது என்ன ஆயிற்று என்று. கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் அப்படியே பாதியில் நின்றன. அது என்ன ஆயிற்று என்று எங்களில் யாருமே முப்பது வருஷமாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ராக்கியண்ணன் மாட்டுத்தரகர். கண்ணபுரத்துச் சந்தைக்கு ஒரு ஜோடி காங்கயம் காளைகளை ஓட்டிக்கொண்டு போனவர், காளைகளைக் கொடுத்துவிட்டு இந்தக் காரை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாட்டுக்குப் பார்க்கிற மாதிரியே சுழி பார்த்துத்தான் வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொன்னார். காருக்குக் கைப்பிரேக் பிடிக்காது. அதனால் ஊருக்கு மேற்கே தன் காட்டில், அதாவது மேகாட்டுச் சாளையில், கொண்டுபோய் நிறுத்தியதும் முன்பக்கத்துப் பம்பரில் கயிற்றைப் போட்டுக் கல்லுக் கட்டுத்தறியில் இழுத்துக் கட்டிவிடுவார், பக்கத்தில் எருமை, அதற்குப் பக்கத்தில் கார். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்டையே காரின் விளிம்புகளுக்கும் அடிப்பார்.

ஒரு ஐப்பசியில் அவரும் அவர் மனைவி பூவாத்தாளும் காங்கயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அந்தக் காரில் திரும்பி வரும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காரைச் சாளைக்குள் விட்டுக் கயிற்றைக் கட்டினார், சாக்கை மடித்துக் கொங்காடை போட்டு அவள் தலையில் கவிழ்த்து, நீ வீட்டுக்கு நட, ஓடைக்கு அக்கரையில் கன்றுக்குட்டிகள் நிற்கின்றன, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அவர் கடைசியாகச் சொன்னது, “மழ விட்டதும் வந்தர்றேன் புள்ள.” ஓடையில் அன்றைக்கு வந்த வெள்ளம் மாதிரி அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. கன்றுக்குட்டிகள் மறுநாள் தாமாகவே வீடு வந்தன. ராக்கியண்ணன் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத மனிதருக்கு என்ன சடங்கு செய்வது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை, செய்ய வேண்டாம் என்று பூவாத்தாளும் சொல்லிவிட்டாள். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. வருகிற மனிதர் தலை துவட்ட வேண்டுமே என்று அன்றைக்கு மாட்டியது, அழுக்குப் பட்டாலும் படாவிட்டாலும் துவைத்துத் துவைத்துத் திரும்ப அங்கேயே மாட்டுவாள். எங்களுக்குத்தான் அவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையை அவள் கையில் கொடுக்கலாமா கூடாதா என்று குழம்பி, வாசற்படியில் வைத்து மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்துவிடுவோம். இப்படி முப்பது வருஷம் நாங்கள் அவளிடம் கோழைகளாகவே நடந்துகொண்டோம்.

மேகாட்டுப் பக்கம் அவள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. சீமைக்கருவேலம் வளர்ந்து சாளையை மூடியது, மூடியதை நாங்களும் மறந்துபோனோம். ரங்கபிரசாத் போய்க் கேட்டபோது அவள் சாவியை எடுத்துக் கொடுத்து, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

முள்ளை வெட்டி வழி செய்துகொண்டு முன்னால் போனவன் அவன், பின்னால் நாங்கள். பூட்டு துரு உதிர்ந்து திறந்தது. உள்ளே எல்லாம் வறண்டு கிடந்தது, விட்டத்தில் ஒட்டடை, மூலையில் பொடிந்துபோன சோளத்தட்டு. நடுவில் கறுப்புக் கார் கட்டுத்தறியில் கட்டியபடி நின்றது, ஓட்டுக்கு ஒரு முழம் கீழே தொடங்கி அந்தக் காரின் மேல் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. காருக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீள மழை, எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். முப்பது வருஷம் விடாமல் கழுவியதில் கார் நாவற்பழம் மாதிரி மின்னியது. வழிந்த தண்ணீர் மாட்டு மூத்திரம் போகிற கல்வாய்க்காலில் இறங்கிச் சுவருக்கு வெளியே கருவேல வேருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரே காய்ந்து கிடக்கும்போது இந்தக் கருவேலங்காடு மட்டும் எப்படிப் பச்சென்று இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டதற்கு விடை கிடைத்தது.

பஞ்சாயத்துத் தலைவர் சென்னியப்பன், ராக்கியண்ணனுக்குப் பங்காளி முறை, தம்பி. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இரண்டு கையாலும் மழையை ஏந்தி ஒரு மிடறு குடித்தார். உப்புக் கரிக்கவில்லை, நல்ல தண்ணீர் என்றார். அவ்வளவுதான், பெண்கள் குடம் எடுக்க ஓடினார்கள்.

அதன் பிறகு எங்கள் ஊர் அந்த மழையோடு குடித்தனம் நடத்தப் பழகிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரிசைக்குக் கல் போட்டு இடம் பிடித்தார்கள், கல்லை நகர்த்திவிட்டதாக மாராத்தாள் மூன்று தெருவுக்கும் கேட்கிற மாதிரி சண்டை போட்டாள். குடம் பிடிக்கிற விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மோட்டார் மெக்கானிக் ஒருவர் காரின் கூரை ஓரத்தில் தகரத்தை வளைத்துக் குழாய் பொருத்தினார். மாடுகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மத்தியானத்தில் கண்ணை மூடி ஐப்பசி மாதத்துக் கனவு கண்டன, பாலில் ஈரமண் வாசம் அடித்தது, அந்தப் பாலில் போட்ட டீயைக் குடிக்க வெள்ளகோவிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெயில் கொளுத்துகிற சித்திரையில் சாளைக்குக் கிளம்புகிறவர்கள் பழக்கதோஷத்தில் குடை எடுத்துக்கொண்டு போனார்கள். தறிக்குப் போகிற பெண்கள் வேலை முடிந்து வந்து சும்மா அங்கே உட்கார்ந்து ஓட்டுக்கடியில் பெய்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள், அன்றைக்கு அவர்கள் வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. வெயிலையும் வறட்சியையும் எப்படி நாங்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோமோ அப்படியே மழையையும் ஏற்றுக்கொண்டோம்.

மழைக்கும் கயிற்றுக்கும் உள்ள சம்பந்தம் ரங்கபிரசாத் காரை நகர்த்தப் பார்த்தபோது தெரியவந்தது. பம்பர் பக்கத்து முடிச்சைத் தளர்த்தினான், மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுத்தறிப் பக்கத்து முடிச்சில் விரலை விட்டதும் மழை தூறலாக மெலிந்தது, நாங்கள் கத்தியதில் அவன் கையை எடுத்துவிட்டான், மறுபடி மழை வலுத்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வழக்கம் என்று ஒன்றை வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்று சென்னியப்பன் அவனுக்கு எடுத்துச் சொன்னார்: காரை நீ ஓட்டிக்கொண்டு போ, கயிறு கட்டுத்தறியிலேயே இருக்கட்டும், கயிறு இருக்கிற இடத்தில் மழை இருக்கும். அவனுக்குக் கார், ஊருக்கு மழை. யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம் என்று எல்லோருக்கும் பரம திருப்தி. பூவாத்தாளிடம் கேட்டுவிட்டால் முடிந்தது.

அவளை அழைத்து வந்தோம். கருவேல முள்ளுக்கு நடுவே போட்ட பாதையில் நிதானமாக நடந்து வந்து, சாளை வாசலில் நின்று, அந்த மழையைப் பார்த்தாள். அவள் அழவில்லை. உள்ளே போய் நனைந்துகொண்டே காரின் கதவைத் திறந்து, அன்றைக்குக் கல்யாணத்திலிருந்து வரும்போது உட்கார்ந்த அதே முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் அவள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் முகமும் அவளுக்குத் தெரிந்திருக்காது. வெகுநேரம் கழித்து இறங்கியவள் சென்னியப்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப இந்த மழ இன்னும் உடவே இல்லீங்களா தம்பி?”

இல்லை நங்கை என்றார் அவர். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் ராக்கியண்ணன் கடைசியாகச் சொன்ன வார்த்தை எங்களுக்கு ஞாபகம் வந்தது, ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டோம்.

அன்றிலிருந்து அவள் தினமும் வந்தாள். நாங்கள் குடம் பிடித்துக்கொண்டிருப்போம், அவள் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். குழாயை நகர்த்துகிறபோது கண்ணாடியில் இடித்துவிட்டால் மாராத்தாள்கூடக் குரலைத் தாழ்த்தி, தெரியாம பட்டுருச்சுங்கக்கா என்பாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பதில் எங்களுக்கு முப்பது வருஷப் பழக்கம் இருந்தது.

கார் கிளம்புகிற நாள் வந்தது. ரங்கபிரசாத் லாரியும், புதிதாக அடித்த கைப்பிடியும், முறைப்படி ஒரு புதுக்கயிறும் கொண்டுவந்தான், ஊரே சாளையில் கூடியிருந்தது. பூவாத்தாள் காருக்குப் பொட்டு வைத்தாள், கற்பூரம் காட்டினாள், மழையில் அது அணைந்தது. பிறகு குனிந்தாள். பம்பர் பக்கத்து முடிச்சை அவிழ்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அவள் கட்டுத்தறிக்கு முன்னால் உட்கார்ந்தது புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சென்னியப்பன்தான் பேசினார். “நங்கையா, வேண்டாங். ஊரு குடிக்கறது இந்தத் தண்ணிதானுங்.”

“தெரியும் தம்பி,” என்றாள் அவள், கையை முடிச்சிலிருந்து எடுக்காமல். “ஆனா அவரு எங்கியோ இந்த மழைல நனஞ்சுட்டு நிக்கறாரு. விட்டாத்தான் வருவேன்னவரு. நாம குடத்த வெச்சுப் புடிச்சுட்டே இருந்தா, அந்த மனுசன் எப்பத்தான் ஊடு வந்து சேர்றது?”

அவளைத் தடுக்க எத்தனையோ கைகள் அங்கே இருந்தன, ஒரு கையும் நீளவில்லை. ஊறிப்போன முடிச்சு, லேசில் வரவில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, விடாமல் அவிழ்த்தாள். மழை மெலிந்தது, தூறியது, ஓட்டுக்கடியிலிருந்து கடைசியாகச் சில சொட்டுகள் காரின் தலையில் விழுந்தன, பிறகு சாளைக்குள் அப்படி ஒரு நிசப்தம். அவள் கயிற்றைச் சுருட்டி ரங்கபிரசாத்தின் கையில் கொடுத்து, இதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள் என்றாள். அவன் வாங்கத் தயங்கினான். இத்தனை வருஷம் கைப்பிடிக்காக எங்களிடம் மல்லுக்கட்டியவனுக்கு, கொடுக்கிறபோது வாங்கத் தெரியவில்லை. மாராத்தாள் மட்டும், ஊர் வயிற்றில் அடித்துவிட்டாயே என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, குழாய்க்கு அடியில் அண்டாக்களில் மீதியிருந்த தண்ணீரைக் குடத்தில் வழித்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் கிடைத்ததை வழித்து எடுத்துக்கொண்டோம். கார் முதல் சுற்றிலேயே கிளம்பியது, தானாகவே லாரியில் ஏறியது, போயிற்று.

பூவாத்தாள் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஓடையிலிருந்து வருகிற இட்டேரியைப் பார்த்து வாசலில் நின்றாள். எங்களுக்கு அவள் மேல் கோபம்தான், ஆனாலும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஒவ்வொருவராக வந்து இட்டேரி ஓரத்தில் நின்றோம். இருபுறமும் கள்ளிவேலி, நடுவில் வெறும் மண்தடம். ஓர் ஆடு வந்தது. சைக்கிளில் ஒருத்தர் வந்தார், எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்ததில் பயந்துபோய் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். வெயில் சாய்ந்தது. கள்ளி நிழல் நீண்டு தடத்தைக் கடந்தது. வந்துவிடு ராக்கியண்ணா என்று நாங்கள் அத்தனை பேரும் மனதுக்குள் கெஞ்சினோம், அவர் வந்துவிட்டால் தண்ணீரே வேண்டாம் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தோம். பொழுது இறங்கியபோது பூவாத்தாள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள். உள்ளே போய் உலையை இறக்கிவைத்தாள். மழை விட்டும் அவர் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதலில் அவள் வாசலுக்குப் போனது மாராத்தாள். இடுப்பில் குடம், குடம் நிறைய முந்தைய நாள் வழித்தெடுத்த மழை, வீட்டில் பூட்டி வைத்து யாருக்கும் ஒரு டம்ளர் கொடுக்காமல் காப்பாற்றிய தண்ணீர்.

“எந்திரிங்கக்கா,” என்றாள். “அண்ணனுக்குத் தண்ணி ஊத்தோணும்.”

அவளுக்குப் பின்னால் சென்னியப்பன் ஒரு குடத்தோடு நின்றார், அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர், மெக்கானிக், தறிக்குப் போகிற பெண்கள் என்று ஊரே இட்டேரி நெடுக நின்றது. யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. எல்லோரும் மேகாட்டுக்கு நடந்தோம். அவர் உடம்புக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை அவர் கடைசியாகத் தொட்ட கட்டுத்தறிக்கு ஊற்றினோம், ஆளுக்கு ஒரு குடமாக, முப்பது வருஷம் தாமதமாக, அவர் நனைந்த அதே மழையை. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நாங்கள் பழையபடி லாரிக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பூவாத்தாளின் நெற்றிக் குங்குமத்தை அவளும் அழிக்கவில்லை, நாங்களும் அழிக்கச் சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகையை அவள் கையிலேயே கொடுப்பது என்று, பேசிக்கொள்ளாமலே, அங்கே முடிவாகிவிட்டது.

எல்லாக் குடங்களும் காலியான பிறகு அவள் முன்னால் வந்தாள். அந்த வெள்ளைத் துண்டை உதறிப் பிரித்து, ஈரம் சொட்டிக்கொண்டிருந்த கட்டுத்தறிக் கல்லின் தலையில் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தித் துவட்டினாள்.

“மழ உட்டுருச்சுங் மாமா,” என்றாள். “வாங்க, ஊட்டுக்குப் போலாம்.”